தலையில் தையலோடு களமிறங்கிய ஜர்னைல் சிங்: பயிற்சியாளர் ரஹீமின் சிறந்த முடிவுகளும் சறுக்கிய முடிவுகளும்

பழவேற்காடு ஏரி கடலைத் தொடும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது லைட்ஹவுஸ் குப்பம். அங்கே நிற்கும் கலங்கரை விளக்கம்தான் ஊருக்குப் பெயர் கொடுத்தது. இந்த ஏரியை நம்பி வாழும் மீனவ கிராமங்கள் சிலவற்றில் 'பாடு' என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். இன்று இறால் அதிகம் கிடைக்கும் இடம் உங்களுக்கு வந்தால், அடுத்த முறை அது இன்னொருவருக்குப் போகும். யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. முடிவு சீட்டோடது.

எல்லா வேலையிலும் இப்படிச் சீட்டுப் போட்டுவிட முடியாது. ஆபீஸில் டீம் லீடாக இருப்பவர்களுக்கு இது நல்லாவே தெரியும். யாரை எந்த ப்ராஜெக்ட்டில் போடுவது, யாரை வெளியே உட்கார வைப்பது என்று ஒருவர் முடிவெடுத்தே ஆக வேண்டும். சரியாக வந்தால் பாராட்டு டீமுக்கு. தப்பாகப் போனால் பழி அவருக்கு.

கால்பந்துப் பயிற்சியாளரின் வேலை முழுக்க முழுக்க இதுதான். மைதானத்தில் பதினோரு இடம்தான் இருக்கிறது. யாருக்கு எந்த இடம் என்பதை ஒரு மனிதர் சொல்ல வேண்டும். இந்தியாவில் அந்த வேலையை மற்ற எல்லாரையும்விடச் சிறப்பாகச் செய்தவர் என்று இன்றும் பேசப்படுபவர் சையது அப்துல் ரஹீம். 2024-ல் அஜய் தேவ்கன் நடித்து, ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் வந்த 'மைதான்' படம் இவருடைய கதைதான்.

படத்தில் வெற்றிகள் பெரிதாகத் தெரிந்தன. ஆனால், ஆள் தேர்வில் அவர் எடுத்த முடிவுகள் எல்லாமே ஜெயித்தவை இல்லை. எது சரியாக வந்தது, எது சறுக்கியது, ஏன்?

யார் இந்த ரஹீம்?

1909 ஆகஸ்ட் 17-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். தொழில், பள்ளிக்கூட வாத்தியார். ஹைதராபாத்தின் பல பள்ளிகளில் பாடம் நடத்தினார். உடற்கல்வியில் டிப்ளமோவும் வாங்கினார். வீரர்களும் ஊர்க்காரர்களும் அவரை அழைத்தது 'ரஹீம் சாஹிப்' என்று.

1940-களில் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் ஆனார். பிறகு ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியின் பயிற்சியாளர். அந்தக் காலத்தில் இந்தியக் கால்பந்து என்றால் கொல்கத்தாதான். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்று பெரிய கிளப்புகள் எல்லாம் அங்கேதான். தெற்கே இருந்து வரும் ஒரு போலீஸ் அணியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த போலீஸ் அணிதான் 1950 முதல் 1954 வரை, மும்பையில் நடந்துவந்த ரோவர்ஸ் கோப்பையைத் தொடர்ந்து ஐந்து வருடம் கைப்பற்றியது. 1950-ல் மோகன் பகானை வீழ்த்தி டூராண்ட் கோப்பையையும் வென்றது. அந்த நேரத்தில் இந்திய அணியின் பொறுப்பும் ரஹீமிடம் வந்து சேர்ந்தது.

1951-ல் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி. சைலன் மன்னா தலைமையிலான இந்திய அணி இறுதி ஆட்டத்தில் இரானை 1-0 என்று வென்று தங்கம் வாங்கியது. கோல் அடித்தவர் மேவாலால். பயிற்சியாளராக ரஹீமுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைத்திருக்க முடியாது.

ஆனால், அடுத்த வருடமே பெரிய அடி விழுந்தது.

ஹெல்சின்கி 1952: வாழ்க்கையின் மோசமான தோல்வி

1952 ஒலிம்பிக் ஃபின்லாந்தின் ஹெல்சின்கியில் நடந்தது. இந்தியாவுக்கு முதல் ஆட்டமே யூகோஸ்லாவியாவோடு. அன்றைய ஐரோப்பாவின் பலமான அணிகளில் அதுவும் ஒன்று. முடிவு, 10-1. இந்தியா அடித்த ஒரே கோல் அகமது கானுடையது. அதுவும் ஆட்டம் முடியப்போகும் நேரத்தில்.

இந்திய வீரர்கள் பலர் அன்று பூட்ஸ் போடாமல் ஆடினார்கள். வெறும் காலோடு, ஐரோப்பாவின் குளிரில், பூட்ஸ் போட்ட எதிரணியோடு.

இது எப்படி நடந்தது? இன்றைய கண்ணில் பார்த்தால் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். அன்றைய கண்ணில் அப்படி இல்லை. 1911-ல் மோகன் பகான் அணி கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டைத் தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வாங்கியபோது, அணியில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் வெறும் காலோடுதான் ஆடினார்கள். வெள்ளைக்காரனை வெறும் காலோடு ஜெயித்தோம் என்பது ஒரு தலைமுறையின் பெருமை. 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் பெரும்பாலோர் பூட்ஸ் இல்லாமலே ஆடி, பிரான்ஸிடம் 2-1 என்றுதான் தோற்றார்கள். அந்த ஆட்டத்தில் இரண்டு பெனால்டியை நழுவவிட்டார்கள். அவை உள்ளே போயிருந்தால் கதையே வேறு.

ஆக, வெறும் கால் ஆட்டத்தை யாரும் பலவீனமாக நினைக்கவில்லை. ஈரமில்லாத மண்ணில் பந்தை இன்னும் நெருக்கமாகத் தொட முடியும் என்று வீரர்கள் நம்பினார்கள். சின்ன வயதிலிருந்து பழகிய காலை, ஒலிம்பிக்குக்கு முன்னால் திடீரென்று பூட்ஸுக்குள் நுழைக்கச் சொன்னால் ஆட்டமே கெட்டுப்போகும் என்ற பயமும் இருந்தது.

அணித் தேர்வில் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும் பங்கு உண்டு. அதனால் முழுப் பழியையும் ரஹீம் தலையில் கட்ட முடியாது. ஆனால், பயிற்சியாளர் அவர்தான். எந்த ஊரில், எந்தக் குளிரில், யாரோடு ஆடப் போகிறோம் என்பது தெரிந்த விஷயம். பழகிய வழியிலேயே போகட்டும் என்று விட்டதும் ஒரு முடிவுதான். அவர் பயிற்சியில் நடந்தவற்றில் ஸ்கோர்போர்டில் மிக மோசமாகத் தெரிவது இதுதான்.

ஒரு வித்தியாசம் இருக்கிறது. இந்தத் தோல்வியிலிருந்து அவரும் சம்மேளனமும் தப்பிக்கப் பார்க்கவில்லை. ஹெல்சின்கிக்குப் பிறகு இந்திய வீரர்களுக்கு பூட்ஸ் கட்டாயம் ஆனது. அதை அறிவிப்பது சுலபம். ஒரு தலைமுறை வீரர்களின் காலைப் புதிதாகப் பழக்குவது சுலபம் இல்லை. அந்த வேலை ரஹீமுக்கு வந்தது.

வாத்தியார் செய்த மாற்றம்

ரஹீம் அடிப்படையில் வாத்தியார். பசங்களைச் சின்ன வயதிலேயே பிடித்தால்தான் மாற்ற முடியும் என்று அவருக்குத் தெரியும். ஹைதராபாத்தில் அவர் நடத்திய சில போட்டிகள் வேடிக்கையானவை.

ஒன்று, டிரிப்ளிங் இல்லாத போட்டி. பந்தை வைத்துக்கொண்டு நாலு பேரை ஏமாற்றி ஓடும் வித்தையெல்லாம் அங்கே கிடையாது. வந்த பந்தை உடனே அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும். ஒரே தொடுதலில் பாஸ் செய்யும் பழக்கம் இதில்தான் வளர்ந்தது.

இன்னொன்று, பழகாத காலால் மட்டும் ஆடும் போட்டி. வலது கால்காரர் இடது காலால் மட்டும் ஆட வேண்டும். கொஞ்ச நாளில் இரண்டு காலும் ஒன்றாகிவிடும். ஒரு வீரரை இரண்டு பக்கமும் ஆட வைக்கலாம் என்றால், பயிற்சியாளர் கையில் பதினோரு பேர் இருந்தாலும் அது பதினைந்து பேருக்குச் சமம். பின்னால் ஜகார்த்தாவில் அவர் ஆட்களை இடம் மாற்றி ஆடவிட்டதற்கு விதை இங்கேதான் விழுந்தது.

திறமையைக் கண்டுபிடிப்பதிலும் அவருக்குத் தனிக் கண் இருந்தது. செகந்திராபாத் பக்கம் அம்முகுடா என்ற ஊரைச் சேர்ந்த இளைஞர் துளசிதாஸ் பலராம். ஆட்டம் அபாரம். ஆனால், ஹைதராபாத்துக்குப் பயிற்சிக்கு வந்துபோகவே காசு இல்லாத குடும்பம். காசு இல்லை என்று கேட்டதும் ரஹீம் அத்தோடு விட்டுவிடவில்லை. அவர் வந்துபோக வழி செய்து கொடுத்தார். அந்தச் சின்ன ஏற்பாடு இந்தியாவுக்குக் கொடுத்தது, அடுத்த ஆறேழு வருடங்களின் மிகச் சிறந்த முன்கள வீரர்களில் ஒருவரை.

இன்றைய பாஷையில் சொன்னால், ரஹீமின் சிறந்த 'ஹயரிங்' இதுதான். ரெஸ்யூமே பார்க்காமல், ஆட்டத்தை மட்டும் பார்த்து எடுத்த ஆள்.

மெல்போர்ன் 1956: நாலு வருடத்தில் என்ன மாறியது?

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கு இந்திய அணி பூட்ஸோடு போனது. தலைவர் சமர் 'பத்ரு' பானர்ஜி. அணியில் பி.கே.பானர்ஜி, பலராம், கிட்டு, கெம்பையா, பீட்டர் தங்கராஜ் என்று நாட்டின் நாலு பக்கத்திலிருந்தும் ஆட்கள்.

முதல் சுற்றில் ஹங்கேரி வராததால் ஆடாமலே அடுத்த சுற்று. அங்கே எதிரில் நின்றது போட்டியை நடத்தும் ஆஸ்திரேலியா. சொந்த மண், சொந்தக் கூட்டம். இந்தியா 4-2 என்று ஜெயித்தது. மும்பை வீரர் நெவில் டிசோசா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் அவர். நாலாவது கோல் கிட்டுவுடையது.

அரையிறுதியில் மறுபடியும் யூகோஸ்லாவியா. அதே எதிரி. இந்த முறை முதல் கோலை அடித்தது இந்தியா. மறுபடியும் டிசோசா. கொஞ்ச நேரமாவது யூகோஸ்லாவியா பின்தங்கி நின்றது. அதன் பிறகு அவர்கள் திருப்பி அடித்து 4-1 என்று ஜெயித்தார்கள். வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0 என்று தோற்று இந்தியா நாலாவது இடம் பிடித்தது.

நாலாவது இடத்துக்கு மெடல் கிடையாது. ஆனால் 10-1 தோல்விக்கு நாலே வருடத்தில், அதே அணிக்கு எதிராக ஒலிம்பிக் அரையிறுதியில் முன்னிலை பெறுவது சாதாரண விஷயமில்லை. ஒலிம்பிக் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய அணி அது. டிசோசா நாலு கோலோடு அந்த ஒலிம்பிக்கின் அதிக கோல் அடித்தவர்கள் பட்டியலில் முதல் இடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

ரோம் 1960: சொந்த மகனை என்ன செய்தார்?

ஆள் தேர்வில் ஒருவர் நேர்மையானவரா என்று தெரிய வேண்டுமா? சொந்தக்காரர் வரிசையில் நிற்கும்போது அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

ரஹீமின் மகன் சையது ஷாஹித் ஹக்கீம் நல்ல கால்பந்து வீரர். 1960 ரோம் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியில் அவர் பெயரும் இருந்தது. அப்பாதான் பயிற்சியாளர்.

அந்த அணியின் தலைவர் பி.கே.பானர்ஜி. மிகக் கடினமான பிரிவு. ஹங்கேரியிடம் 2-1 என்று போராடித் தோற்றது இந்தியா. கோல் அடித்தவர் பலராம். பிரான்ஸோடு 1-1 என்று சமன். கோல் பி.கே.பானர்ஜியுடையது. பெருவிடம் 3-1 என்று தோல்வி. மூன்று ஆட்டம் முடிந்தது. மூன்றிலும் ஹக்கீம் களமிறங்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்கு அணி கிளம்பியபோது ஹக்கீம் பெயர் பட்டியலிலேயே இல்லை.

இதை ஒரு அப்பாவின் பக்கமிருந்து யோசித்துப் பாருங்கள். மகனை ஒலிம்பிக் வரை கூட்டிப்போய், ஒரு நிமிடம்கூட ஆடவிடவில்லை. ஒலிம்பிக்கில் ஆடியவர் என்ற பெயர் அந்த மகனுக்கு வாழ்நாள் முழுக்கக் கூட வந்திருக்கும். அதைக் கொடுக்கும் அதிகாரம் கையில் இருந்தும் அவர் கொடுக்கவில்லை. அந்த இடத்தில் ஆட இன்னொருவர் இருந்தார்.

இது சரியான முடிவா, மிகக் கடுமையான முடிவா? இரண்டு விதமாகவும் வாதாடலாம். ஆனால், மற்ற வீரர்கள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகனுக்கே இந்த நிலைமை என்றால், தனக்கு இடம் கிடைப்பதும் பறிபோவதும் ஆட்டத்தை வைத்துத்தான் என்று ஒவ்வொருவருக்கும் புரிந்திருக்கும். அந்த நம்பிக்கை இல்லாமல் ஜகார்த்தாவில் நடந்த எதுவும் நடந்திருக்காது.

ஹக்கீம் பின்னால் விமானப்படை அதிகாரியாகவும், சர்வதேச நடுவராகவும், பயிற்சியாளராகவும் தன் வழியில் பெயர் எடுத்தார். 2021-ல் காலமானார்.

ஜகார்த்தா 1962: ஒரே வாரத்தில் மூன்று சூதாட்டம்

1962 ஆகஸ்ட். ரஹீமுக்கு உடம்பு சரியில்லை. அதிகமாக சிகரெட் பிடிப்பவர். நுரையீரல் புற்றுநோய் அவரை உள்ளே தின்றுகொண்டிருந்தது. அப்படியும் அணியோடு ஜகார்த்தா போனார். தலைவர் சுனி கோஸ்வாமி. அருமைநாயகம், எத்திராஜ், தங்கராஜ் என்று தமிழ்ப் பெயர்களும் அந்த அணியில் உண்டு.

முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. இரண்டாவது ஆட்டத்தில் தாய்லாந்தை 4-1 என்று வென்றார்கள். ஆனால், அதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. தடுப்பாட்டத்தின் தூண் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் பலத்த காயம். தையல் போட வேண்டியதாயிற்று. பிறகு ஜப்பானை 2-0 என்று வென்று அரையிறுதிக்கு வந்தார்கள்.

இப்போது ரஹீம் முன்னால் இருந்த பிரச்சினை இது. அணியின் சிறந்த தடுப்பாட்டக்காரர் தலையில் கட்டோடு இருக்கிறார். நடுவில் நின்று தடுப்பவருக்குத் தலைதான் முக்கிய ஆயுதம். உயரமாக வரும் ஒவ்வொரு பந்தையும் முட்டியே ஆக வேண்டும், தவிர்க்க முடியாது. அவரை உட்கார வைப்பதா, ரிஸ்க் எடுத்துப் பழைய இடத்திலேயே ஆட வைப்பதா?

முதல் சூதாட்டம்: ரஹீம் இரண்டையும் செய்யவில்லை. ஜர்னைலை சென்டர் ஃபார்வர்டாக, அதாவது கோல் அடிக்கும் இடத்துக்கு அனுப்பினார். கேட்டவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். ஆனால், இது கண்ணை மூடிக்கொண்டு எடுத்த முடிவு இல்லை. ஜர்னைல் கல்லூரி நாட்களில் முன்களத்தில் ஆடியவர். மற்றவர்கள் அவரைத் தடுப்பாட்டக்காரராக மட்டுமே பார்த்தார்கள். ரஹீம் அவருடைய பழைய கணக்கையும் சேர்த்துப் பார்த்தார். ஆஜானுபாகுவான ஒருவர் முன்னால் நின்றால் எதிரணித் தடுப்பு அவரைக் கவனிப்பதிலேயே குறியாக இருக்கும். பி.கே., சுனி, பலராமுக்கு இடம் கிடைக்கும்.

தெற்கு வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியில் இந்தியா 3-2 என்று ஜெயித்தது. சுனி இரண்டு கோல். மூன்றாவது கோல் ஜர்னைலுடையது.

இரண்டாவது சூதாட்டம்: ஜர்னைல் முன்னால் போனால் அவர் விட்டுவந்த இடத்தில் யார் நிற்பது? அந்த ஓட்டையை அருண் கோஷை வைத்து அடைத்தார் ரஹீம். வழக்கமாக ஆடாத இடம். ஒருவரை முன்னால் அனுப்பியதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். பின்னால் அந்த இடத்தைக் கட்டிக் காத்தவர் இல்லையென்றால் முன்னால் அடித்த கோலுக்கு மதிப்பே இருந்திருக்காது.

மூன்றாவது சூதாட்டம்: கோல்கீப்பர். ஆறடிக்கும் மேல் உயரமான பீட்டர் தங்கராஜ் காய்ச்சலில் படுத்திருந்தார். அந்த நேரத்தில் பிரத்யுத் பர்மன் கோலைக் காத்து நன்றாகவே ஆடினார். நன்றாக ஆடும் கீப்பரை இறுதி ஆட்டத்தில் மாற்றுவது எந்தப் பயிற்சியாளரும் யோசிக்கும் விஷயம். ஆனால், இறுதியில் எதிரி மறுபடியும் தென் கொரியா. உயரப் பந்துகளைச் சமாளிக்கத் தங்கராஜின் உயரம் வேண்டும் என்று ரஹீம் நினைத்தார். காய்ச்சலிலிருந்து எழுந்து வந்தவரை நேராக இறுதி ஆட்டத்தில் நிறுத்தினார்.

தங்கராஜும் இடம் மாறி ஜெயித்த ஆள்தான். தொடக்கத்தில் முன்களத்தில் ஆடியவர், மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணியில் கோல்கீப்பராக மாறிப் பெயர் வாங்கினார்.

மைதானத்துக்கு வெளியே என்ன நடந்தது?

நிலைமை சாதாரணமாக இல்லை. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா போட்டிக்கு அனுமதிக்கவில்லை. இதை 'ஆசிய விளையாட்டு' என்று அழைக்கக் கூடாது என்று இந்தியாவைச் சேர்ந்த ஒலிம்பிக் கமிட்டி உறுப்பினர் ஜி.டி.சோந்தி குரல் எழுப்பினார். ஜகார்த்தா கொதித்தது. இந்தியத் தூதரகத்தைக் கூட்டம் தாக்கியது. இந்திய வீரர்கள் வெளியே தலை காட்டவே தயங்கும் நிலை.

இறுதி ஆட்டத்துக்கு முந்தைய இரவு வீரர்களுக்குத் தூக்கம் வரவில்லை. சுனி கோஸ்வாமி உள்ளிட்டவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தபடி, அன்று ரஹீம் அவர்களிடம் நாளை எனக்கு ஒரு பரிசு வேண்டும் என்று கேட்டார். என்ன பரிசு என்று விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

செப்டம்பர் 4, 1962. செனயன் மைதானத்தில் சுமார் ஒரு லட்சம் பேர். கிட்டத்தட்ட எல்லாருமே இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல் போட்டார்கள். இந்தியாவுக்காகக் கைதட்டிய சிலரில் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்களும் இருந்தார்கள்.

17-வது நிமிடத்தில் பி.கே.பானர்ஜி கோல். 20-வது நிமிடத்தில் இன்னொரு கோல். அடித்தவர், தலையில் தையலோடு முன்களத்தில் நின்ற ஜர்னைல் சிங். கொரியா கடைசி நேரத்தில் ஒரு கோலைத் திருப்பியது. அவ்வளவுதான். 2-1. தங்கம் இந்தியாவுக்கு.

களத்தில் இருந்தவர்களைப் பாருங்கள். பஞ்சாபிலிருந்து ஜர்னைல், வங்காளத்திலிருந்து பி.கே., சுனி, அருண் கோஷ், ஹைதராபாத் பக்கத்திலிருந்து பலராம், யூசுப் கான், தங்கராஜ், கேரளத்திலிருந்து சந்திரசேகர், கோவாவில் பிறந்த ஃபிராங்கோ. தன் ஊர்க்காரர், அடுத்த ஊர்க்காரர் என்று பார்க்காமல் ஆட்டத்தைப் பார்த்துச் சேர்த்த அணி அது.

தோற்றிருந்தால் என்ன பேசியிருப்பார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் ரஹீமை எடை போடக் கூடாது.

தலையில் அடிபட்டவரை ஆட வைத்தார், அதுவும் இடம் தெரியாத இடத்தில். நன்றாக ஆடிய கீப்பரை உட்கார வைத்துவிட்டுக் காய்ச்சல்காரரை நிறுத்தினார். 2-1 என்ற ஸ்கோர் திருப்பி விழுந்திருந்தால், இதே மூன்று முடிவுகளும் இந்தியக் கால்பந்தின் மோசமான முடிவுகள் என்று பேசப்பட்டிருக்கும்.

இன்னொன்றையும் ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். இன்றைய விதிகளின்படி தலையில் அடிபட்ட வீரரை மருத்துவர் அனுமதி இல்லாமல் களமிறக்க முடியாது. அது நல்ல மாற்றம். ஜர்னைலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் அந்த ஆபத்து இல்லாமல் போய்விடாது. அவருடைய காயத்தின் மேல் வைத்த பந்தயம் அது.

ஆனால், முடிவை வைத்து மட்டும் முடிவெடுத்தவரை மதிப்பிடுவது நியாயமில்லை. அந்த நேரத்தில் அவருக்கு என்ன தெரியும், அதை எவ்வளவு பயன்படுத்தினார் என்று பார்க்க வேண்டும். ஜகார்த்தாவில் ரஹீமுக்கு ஜர்னைலின் பழைய ஆட்டம் தெரியும், கொரியாவின் ஆட்டம் தெரியும், தங்கராஜின் உயரம் தெரியும். மூன்றையும் பயன்படுத்தினார். ஹெல்சின்கியில் குளிர் தெரியும், எதிரி போட்டிருந்த பூட்ஸ் தெரியும். அதைப் பயன்படுத்தவில்லை. இரண்டு முடிவுகளுக்கும் வித்தியாசம் இதுதான்.

யாரும் பேசாத ஒரு சறுக்கல்

ஹெல்சின்கியைவிடப் பெரிய சறுக்கல் ஒன்று உண்டு. அது ஸ்கோர்போர்டில் தெரியாது.

1963 ஜூன் 11-ல் ரஹீம் காலமானார். வயது 53. ஜகார்த்தா தங்கத்துக்கு அப்புறம் ஒன்பது மாதம்தான். அவருடைய நாற்காலியில் உட்கார, அவரால் வருடக்கணக்கில் தயார் செய்யப்பட்ட ஒரு இந்தியப் பயிற்சியாளர் அன்று இல்லை.

எல்லா முடிவும் ஒரே மனிதரின் கண்ணையும் ஞாபகத்தையும் நம்பி இருந்தது. எந்த வீரர் கல்லூரியில் எங்கே ஆடினார், யாருக்கு இடது கால் பலம், யார் எந்தக் கூட்டத்துக்குப் பயப்படமாட்டார் என்ற கணக்கெல்லாம் அவர் தலையில் இருந்தது. அவர் போனதும் அதுவும் போனது. டிரிப்ளிங் இல்லாத போட்டியும், பழகாத காலால் ஆடும் போட்டியும் நாடு முழுக்கப் பள்ளிகளுக்குப் பரவியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

இதில் ரஹீமைவிட சம்மேளனத்துக்குத்தான் பங்கு அதிகம். பத்து வருடத்துக்கும் மேலாக ஒருவரையே நம்பியிருந்தவர்கள், அவருக்குப் பின்னால் யார் என்று யோசித்திருக்க வேண்டும். ஆனால், அணியில் ஒவ்வொரு இடத்துக்கும் மாற்று ஆள் வைத்திருந்த மனிதர், தன் இடத்துக்கு மட்டும் வைக்கவில்லை என்பதும் உண்மை.

அவர் வளர்த்த வீரர்கள் இருந்தவரை ஓடியது. 1964 ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் இடம் பிடித்தது. அப்போது பயிற்சியாளர் ஹாரி ரைட் என்ற ஆங்கிலேயர். 1970 ஆசிய விளையாட்டில் வெண்கலம். அதோடு சரி. 1960-க்குப் பிறகு இந்திய ஆண்கள் கால்பந்து அணி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை. 1962-க்குப் பிறகு ஆசிய விளையாட்டில் தங்கமும் இல்லை. பி.கே.பானர்ஜி பின்னாளில் பெரிய பயிற்சியாளர் ஆனார். ஆனால், அது ரஹீம் போய் வருடங்கள் கழித்து.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

டீம் நடத்துபவர்களுக்கு ரஹீமின் வாழ்க்கையில் எடுத்துக்கொள்ள சில விஷயங்கள் உண்டு.

ஒன்று: ஒருவர் இப்போது செய்யும் வேலையை மட்டும் வைத்து அவரை முடிவு செய்யாதீர்கள். முன்பு என்ன செய்தார் என்று தெரிந்து வைத்திருந்தால், நெருக்கடியில் அது கைகொடுக்கும்.

இரண்டு: எப்போதும் இப்படித்தான் என்று விட்டுவிடுவதும் ஒரு முடிவுதான். பூட்ஸ் போடாமல் போன ஹெல்சின்கி அதைத்தான் சொல்கிறது.

மூன்று: தேர்வு நேர்மையாக இருந்தால்தான் கடினமான முடிவை மற்றவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். மகனை பெஞ்சில் உட்கார வைத்தவர் சொன்னதால்தான் பர்மன் விலகி நின்றதும், அருண் கோஷ் புது இடத்தில் நின்றதும் அணிக்குள் சண்டையாகவில்லை.

நான்கு: உங்களுக்குப் பிறகு யார் என்பதும் உங்கள் ஆள் தேர்வில் சேர்த்திதான்.

பழவேற்காட்டில் சீட்டு விழும்போது அடுத்த முறை யாருக்கு என்ற கேள்விக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. முறை போட்டுவிட்டால் யார் இருந்தாலும், யார் இல்லாவிட்டாலும் வலை இறங்கும். ரஹீமிடம் சீட்டு கிடையாது. முடிவைத் தானே எடுத்தார், பழியையும் தானே சுமந்தார். அவருக்குப் பிறகும் அந்த வேலை நடக்க ஒரு முறையைத்தான் இந்தியக் கால்பந்து உண்டாக்கத் தவறியது.